பையா, காலண்டரா?

எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்றுதான் முடிவு கட்டுவார்கள். நானும் ஒரு மூல வைத்தியரின் லேகியத்தையும் வாரத்துக்கு மூன்று நாள் கருணைக்கிழங்கையும் நம்பி ஏழு மாதத்தைப் போக்கினேன். கடைசியில் ஸ்கோப், அதாவது கேமரா வைத்த குழாயை, விட்டுப் பார்த்தால் ஆசனவாயிலிருந்து நாலு சென்டிமீட்டர் உள்ளே கட்டி. மலக்குடல் புற்றுநோய்.

இப்போது மாதம் ஒருவராவது போன் போட்டுக் கேட்கிறார்கள்: "அண்ணாச்சி, ஆபரேஷனுக்குப் போகட்டுமா, கரண்டு வச்சுட்டு அப்படியே விட்டுரட்டுமா?" ரேடியேஷனை நம் ஊரில் கரண்டு வைப்பது என்றுதானே சொல்வோம். நான் கத்தி படாமல் தப்பியவன். அதனால் என் பேச்சு அந்தப் பக்கமே சாயும், தெரிந்துகொண்டே படியுங்கள்.

முதலில் ஒன்று. இதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டியதில்லை. குடல் சுவரைத் தாண்டிய கட்டிக்கு ஆபரேஷன்தான் முடிவு என்றாலும் பெரும்பாலும் அதற்கு முன்னால் கரண்டு உண்டு. எனக்கு 28 நாள், மொத்தம் 50.4 கிரே (கரண்டை அளக்கும் கணக்கு அது), கூடவே கேப்சைட்டபின் என்ற கீமோ மாத்திரை, அதன்பின் சில மாதம் கீமோ. எல்லாம் முடிந்து விரலால் தடவிப் பார்த்து, ஸ்கோப்பும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்த பிறகுதான் பாதை இரண்டாகப் பிரியும். கட்டி மிச்சமிருந்தால் கத்தி. இருந்த இடத்தில் வெளுத்த தழும்பு மட்டும் தெரிந்தால், வெட்டாமல் காத்திருந்து கண்காணிப்பதா என்ற கேள்வியே அப்போதுதான் வரும். சிலருக்கு 25 கிரேயை ஐந்தே நாளில் கொடுத்து முடிப்பதும் உண்டு. எனக்கு அது அனுபவமில்லை.

தழும்பு மட்டும் மிஞ்சுவது எல்லாருக்கும் வாய்க்காது. 2022-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கரண்டுக்குப் பிறகு கீமோ பெற்றவர்களில் 53 சதவீதம் பேருக்கு மூன்று வருடத்துக்குப் பிறகும் மலக்குடல் தப்பியிருந்தது. கீமோவை முன்னால் வைத்தவர்களில் 41. சரிபாதி என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஆபரேஷன் பக்கத்துக்கு என் அத்தானே சாட்சி. ஆலங்குளத்துக்காரர், ஒன்பது வருடமாக வயிற்றில் மலம் சேரும் பையோடு இருக்கிறார். கட்டி ஆசனவாயை ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்து எடுத்துவிட்டு நிரந்தரமாகப் பை வைப்பார்கள். கொஞ்சம் மேலே இருந்தால் வெட்டி ஒட்டலாம். ஆனால் ஒட்டியவர்களில் பலருக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கக்கூஸுக்கு ஓட வேண்டியிருக்கிறது. அத்தானுக்கு அந்த ஓட்டம் இல்லை. "மாப்ளே, பை வந்தா குடி ஒண்ணும் முழுகிறாது. நான் கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்து சாப்பிடுதேன்லா" என்பார். உண்மைதான். கட்டியை எடுத்தாயிற்று என்ற நிம்மதி அவரிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை.

கரண்டு என்றால் வலியே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் அரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, இடுப்பில் அடையாளத்துக்குப் பச்சை குத்திய மூன்று புள்ளிகளும் மெஷினின் வெளிச்சக் கோட்டுக்கு நேராக வரும்படி படுக்க வேண்டும். நாலாவது வாரத்தில் உட்காரும் இடம் வெந்துவிட்டது. மாத்திரையில் உள்ளங்கை உரிந்து, ரேஷன் கடை மெஷினில் என் கைரேகை விழவில்லை. அரிசி வாங்க வீட்டுக்காரி போனாள். இதெல்லாம் ஆறும். சிலருக்கு வருடங்கள் கழித்துக் குடலில் ரத்தக் கசிவு வரும் என்கிறார்கள். இதுவரை எனக்கு வரவில்லை. இன்னும் இரண்டு வருடம்கூட முழுதாக முடியாதவன், அதற்கு மேல் எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: சொன்ன தேதிக்குப் போய் நிற்க உங்களால் முடியுமா?

இந்தக் காத்திருக்கும் முறையை உலகத்தின் முன் வைத்தவர் பிரேசில் நாட்டு சர்ஜன் அஞ்செலிடா ஹபர்-காமா. கத்தி பிடிப்பவரே கத்தி வேண்டாம் என்று 2004-ல் எழுதியபோது பலரும் நம்பவில்லை. பிறகு பல நாடுகளில் இப்படிக் காத்திருந்த 880 பேரின் விவரத்தைத் திரட்டி 2018-ல் வெளியிட்டார்கள். இரண்டு வருடத்துக்குள் நாலில் ஒருவருக்குக் கட்டி அதே இடத்தில் மறுபடி வந்திருந்தது. எப்போதானாலும் மறுபடி வந்த கட்டிகள் மொத்தத்தில் 88 சதவீதம் முதல் இரண்டு வருடத்துக்குள், 97 சதவீதம் குடல் சுவரிலேயே. அதாவது விரலுக்கும் ஸ்கோப்புக்கும் எட்டும் இடத்தில். நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் அப்போது ஆபரேஷன் செய்துவிடலாம். விட்டுவிட்டால் ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போய்விடும் ஆபத்து கூடும்.

ஆகவே இங்கே மருந்து என்பது அந்தப் பரிசோதனைதான். முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை விரல் பரிசோதனை, ஸ்கோப், சி.இ.ஏ. என்ற புற்றுநோய்க் குறியைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை, இடையிடையே எம்.ஆர்.ஐ. பிறகு ஐந்து வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. முடிந்தவரை ஒரே டாக்டர் பார்ப்பது நல்லது, போன முறை தடவியது அவர் விரலுக்கு ஞாபகம் இருக்கும். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை உண்டு. எனக்குக் கரண்டும் கீமோவும் அதில் முடிந்தன. ஆனால் வண்டிச் செலவும் போன நாளின் வேலையும் என் கணக்குத்தான். செங்கோட்டை பாசஞ்சரில் காலையில் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு.

ஸ்கோப் வரிசையில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு வருடம் வராமல் இருந்துவிட்டாராம். எதற்கு மறுபடி வந்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் கையில் ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. வெளியூரில் வேலை, கூட வர ஆளில்லை, ஸ்கோப் என்றாலே பயம் என்று இருப்பவர்கள் அத்தான் வழியில் போவதே மேல் என்று தோன்றுகிறது. பை வைத்தாலும் பரிசோதனை உண்டு, ஆனால் ஒரு தேதி தவறினால் இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிராது.

இதுவரை ஏழு முறை போய் வந்துவிட்டேன். எட்டாவது ஐப்பசியில், பிசான நெல் நடவு சமயத்தில் வந்து விழுந்திருக்கிறது. ஒரு வாரம் தள்ளிக் கேட்கலாமா என்று இழுத்தேன். வீட்டுக்காரி தினசரிக் காலண்டரைக் கழற்றி, பின்னட்டையில் ஒட்டியிருந்த பரிசோதனைத் தேதிச் சீட்டைக் காட்டினாள். "நடவை நான் பாத்துக்கிடுதேன். நீங்க காலை வண்டிக்குக் கிளம்புங்க."