வயிற்றில் இறங்கலாமா, சக்கரத்திலா? வார் தண்டர், டிசிஎஸ் அனுபவம்

வார் தண்டர் என்ற கணினிப் போர் விளையாட்டின் ரியலிஸ்டிக் (நிஜத்தை ஒட்டிய) ஆட்டங்களில், சக்கரத்தை இறக்காமல் விமானத்தை ரன்வேயில் வயிற்றால் தேய்த்து நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். காரணம் இருக்கிறது. சக்கரத்தில் இறங்கினால் விமானம் ஓடிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டு பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும். வயிற்றில் இறங்கினால் உராய்வே பிரேக். நின்றதும் ரிப்பேர் தொடங்கிவிடும், முடிந்ததும் விமானம் ஒன்றுமே நடக்காதது போலச் சக்கரத்தில் எழுந்து நிற்கும்.

சில வருடங்களாக இரண்டு விதமாகவும் இறக்கிப் பார்த்துவிட்டேன். என் கணக்கு வேறு. தோட்டா மட்டும் தீர்ந்து, விமானம் முழுசாகத் திரும்பினால் வயிற்றில் இறங்குவது வீண். புரொப்பெல்லர் வளைந்து எஞ்சினும் அடிவாங்கினால், நிற்பதில் மிச்சம் பிடித்த நேரத்தை ரிப்பேர் தின்றுவிடும். ஏற்கெனவே எஞ்சின் போன விமானமா, வாலுக்குப் பின்னால் எதிரி வருகிறானா, அதிவேகத்தில் சக்கரத்தை இறக்கி அது பிய்ந்துபோனதா? அப்போது யோசிக்கவே வேண்டாம், வயிறுதான்.

பலர் கோட்டை விடுவது இறங்கும் கோணத்தில். வேகத்தை 200 கி.மீ. பக்கம் கொண்டுவந்து, ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பை) முழுதாக இறக்கி, த்ராட்டிலை (எஞ்சின் விசையை) மூடி, இறக்கையைச் சமமாகப் பிடித்து, தரைக்குச் சற்று மேலே மிதக்க விட்டால் தானாக அமரும். அழுத்தி இறக்கினால் இறக்கை நுனி தரையில் மாட்டிச் சுழலும்.

நிஜத்தில் எல்லா விமானத்துக்கும் ஒரே வயிறு இல்லை. பி-47 (P-47) போர் விமானத்தின் தடித்த அடிப்பகுதியில், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவின் குழாய்கள் ஓடுகின்றன. தேய்த்து இறங்க அது தோதானது. பி-51 (P-51) போர் விமானத்துக்கு வயிற்றிலேயே ரேடியேட்டர் தொங்குகிறது, கடலில் இறங்கினால் அது தண்ணீரை அள்ளி மூக்கைக் கவிழ்க்கும். ஐஎல்-2 தாக்குதல் விமானம், பி-17 (B-17) குண்டுவீச்சு விமானம் இரண்டிலும் மடித்த சக்கரம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதுவே முதலில் தரையைத் தொடும். 1970இல் அமெரிக்காவின் மொன்டானாவில் ஒரு எஃப்-106 போர் விமானம், விமானி குதித்த பிறகு, ஆளே இல்லாமல் பனி மூடிய வயலில் வயிற்றால் இறங்கியது. அதைச் சரிசெய்து மறுபடி பறக்கவும் விட்டார்கள்! நமக்கோ ஆள் இருந்தும் இறக்கை உடைகிறது.

டிசிஎஸ், ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ் ஆகிய விமான சிமுலேட்டர் விளையாட்டுகள் பக்கம் வந்தால் கதை மாறும். அங்கே வயிற்றில் இறங்கிய விமானம் பெரும்பாலும் அன்றைக்கு அவ்வளவுதான். விமான எண்ணிக்கைக்கு வரம்பு வைத்த சர்வரில் அணிக்கு ஒரு விமானம் குறையும். அதனால் ரன்வே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சக்கரம்தான். எஞ்சின் நின்று வயலில் இறங்க வேண்டியிருந்தால் மட்டும் சக்கரத்தை மடித்தே வைக்கிறேன். உழுத மண்ணில் சக்கரம் புதைந்தால் விமானம் தலைகீழாகப் புரண்டுவிடும். பி-51 என்றால் தரையைத் தொடுமுன் கண்ணாடிக் கூண்டைக் கழற்றி எறிந்து, எரிபொருளையும் மின்சாரத்தையும் அணைத்துவிடுவேன்.

சக்கரத்தில் இறங்குவதற்கே பயமுறுத்தும் விமானம் ஜெர்மனியின் பிஎஃப் 109 (Bf 109). சக்கரங்கள் நெருங்கி இருப்பதால், தரை தொட்ட பிறகுதான் வால் ஒரு பக்கம் வீசும். வால் சக்கரப் பூட்டைப் போட்டு, பெடலைச் சின்னச் சின்னதாக மிதித்துப் பழகுங்கள். இதற்குப் பயந்து வயிற்றில் இறங்குகிறவர்களும் உண்டு. நல்ல விமானத்தை ஏன் வீணாக்க வேண்டும்?