வளாகத் தேர்வா, நிரல் சுற்றுகளா? சேரும் தேதியை வைத்து ஓர் ஒப்பீடு

பொறியியல் இறுதியாண்டில் மென்பொருள் வேலை தேடுவோருக்கு முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ போன்ற, பிற நிறுவனங்களுக்காக மென்பொருள் வேலை செய்துதரும் சேவை நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து ஆயிரக்கணக்கில் ஆளெடுக்கும் வளாகத் தேர்வு ஒன்று. சோஹோவைப் போலச் சொந்த மென்பொருளை விற்கும் நிறுவனங்கள் நாள் முழுக்க நிரல் எழுதவைத்துச் சிலரை மட்டும் பொறுக்கி எடுப்பது மற்றொன்று. இரு வகை நிறுவனங்களிலும் தேர்வாகி, இரண்டாம் வகையில் சேர்ந்தவன் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை.

எல்லோரும் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வளாகத் தேர்வில் ஆப்டிட்யூட் எனப்படும் கணக்கு, தர்க்கக் கேள்விகள், ஆங்கிலம், ஓரிரு நிரல் கேள்விகள், பிறகு தொழில்நுட்பமும் ஹெச்.ஆரும் கலந்த சிறிய நேர்காணல் என்று காரியம் முடிந்துவிடுகிறது. டிசிஎஸ் தன் என்க்யூடி தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே நிஞ்சா, டிஜிட்டல், பிரைம் எனத் தரம் பிரித்து, அதற்கேற்பச் சம்பளத்தை நிர்ணயிக்கிறது. பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை 60 விழுக்காடு, அரியர் கட்டுப்பாடு போன்ற நிபந்தனைகள் அங்கே வழக்கம். சோஹோ வகைத் தேர்வில் மதிப்பெண் பட்டியலுக்கு அவ்வளவு மதிப்பில்லை. சி மொழி நிரலின் விடையைக் கணிப்பதில் தொடங்கி, கால் டாக்ஸி முன்பதிவு, ரயில் டிக்கெட் முன்பதிவு போன்ற ஒரு சிறு செயலியைச் சில மணி நேரத்தில் முழுமையாக எழுதச் சொல்வது வரை சுற்றுகள் நீள்கின்றன. நடுவில் வெளியேறுபவருக்குப் பெரும்பாலும் காரணம் சொல்லப்படுவதில்லை என்பது இம்முறையின் பெருங்குறை. ஆனால், பக்கத்தில் நின்று நம் நிரலைப் பார்ப்பவர், ‘வண்டி எண்ணிக்கை இரட்டிப்பானால் இதில் எதை மாற்றுவீர்கள்?’ என்று கேட்கும்போது, அங்கே செய்யப்போகும் வேலை எத்தகையது என்பது அப்போதே விளங்கிவிடுகிறது.

இருப்பினும் என்னைத் தீர்மானிக்க வைத்தது தேர்வின் கடினமோ சம்பளமோ அல்ல, ஆஃபர் லெட்டருக்கும் சேரும் தேதிக்கும் உள்ள இடைவெளிதான். சேவை நிறுவனங்கள் ஏழாம் பருவத்திலேயே ஆளெடுக்கின்றன. அதாவது, வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து அடுத்த ஆண்டு எவ்வளவு வேலை வரும் என்ற மதிப்பீட்டின் மீது அந்தக் கடிதம் எழுதப்படுகிறது. மதிப்பீடு தவறினால் அதன் சுமை நிறுவனத்தின் கணக்கில் ஏறுவதில்லை, மாணவரின் காத்திருப்பாக மாறிவிடுகிறது. 2022-இல் பட்டம் முடித்து இன்ஃபோசிஸில் தேர்வான சுமார் 2,000 பேர் சேரும் தேதியின்றிக் காத்திருப்பதாக, நைட்ஸ் என்ற ஊழியர் அமைப்பு 2024-இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தில் முறையிட்டது. கொடுத்த ஆஃபர்களை மதிப்போம் என்று நிறுவனம் கூற, அவ்வாண்டு அக்டோபரில் பலர் மைசூருவில் பயிற்சிக்குச் சேர்ந்தனர். 2025 பிப்ரவரியில், உள்மதிப்பீட்டில் மூன்று முறையும் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டபோது, அவர்களில் அந்த நெடுங்காத்திருப்பைக் கடந்து வந்தவர்களும் இருந்தனர். 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆறரை லட்சம் ஆண்டுச் சம்பளத்துக்குத் தேர்வானவர்களிடம் மூன்றரை லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டதும் இதே கணக்கின் இன்னொரு முகம்.

காத்திருந்தால் என்ன குறைந்துவிடும் என்று பெற்றோர் கேட்பதுண்டு. குறைவதுதான் அதிகம். நம் கல்லூரிகள் பலவற்றில் ‘ஒரு மாணவருக்கு ஓர் ஆஃபர்’ என்ற விதி இருப்பதால், ஒரு சேவை நிறுவனம் தேர்ந்தெடுத்தவுடன், கல்லூரி ‘ட்ரீம்’ என்று வகைப்படுத்திய சில நிறுவனங்களைத் தவிர மற்றவற்றின் கதவு அடைபடுகிறது. கல்லூரிக்கு வெளியே நடக்கும் தேர்வுகளோ, ‘இந்த ஆண்டு முடித்தவர்கள் மட்டும்’ என்று பட்டம் பெற்ற ஆண்டைக் குறிப்பிட்டே அறிவிக்கப்படுகின்றன. ஆகவே, கையில் கடிதத்துடன் ஓராண்டு சும்மா இருப்பவர், வேலையிலும் இல்லாமல், புதியவர் என்ற தகுதியையும் இழந்து நிற்கிறார். சிறிய எண்ணிக்கையில், குறிப்பிட்ட குழுவின் தேவைக்காக எடுக்கும் நிறுவனத்தில் இந்த ஆபத்து குறைவு: எனக்குக் கடிதத்திலேயே தேதி இருந்தது, அந்தத் தேதியில் சேர்ந்தேன்.

நான் பேசுவது புதியவர்களுக்கான, நிரல் எழுதும் பணியைப் பற்றி மட்டுமே. டெஸ்டிங், சப்போர்ட் பணிகளுக்கும் அனுபவசாலிகளுக்கும் சுற்றுகள் வேறு, ஆகையால் அங்கே இந்த ஒப்பீட்டை அப்படியே பொருத்த வேண்டாம். ஐடி சந்தை சுணங்கும் ஆண்டில் சொந்த மென்பொருள் நிறுவனங்களும் ஆளெடுப்பைக் குறைத்துக்கொள்ளும். அப்போது தேதி உறுதியாக இருந்தாலும் இடம் இருக்காது.

மெக்கானிக்கல், சிவில் படித்து, நிரல் பழக்கம் இல்லாதவருக்கு நான் வளாகத் தேர்வையே சொல்வேன். அத்துறையினரையும் எடுத்து, சம்பளத்துடன் பல மாதங்கள் கற்றுத்தரும் ஏற்பாடு வேறெங்கும் எளிதில் வாய்ப்பதில்லை. அவர்கள் ஹெச்.ஆர். சுற்றில் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளட்டும்: சேரும் மாதம் எது, சென்ற ஆண்டு தேர்வானவர்கள் அனைவரும் சேர்ந்துவிட்டார்களா, பயிற்சி மதிப்பீட்டில் தேறாவிட்டால் என்ன நடக்கும். இவற்றில் இரண்டாவது கேள்விக்கான சரியான விடையை, நிறுவனத்தைவிடத் தங்கள் கல்லூரியின் சென்ற ஆண்டு சீனியர்களிடம் விரைவாகப் பெறலாம்.