பையனுக்கு விளையாட்டு அடுக்களை: பிளாஸ்டிக்கா, மரமா, எவர்சில்வர் சொப்பா?

இரண்டரை வயதில் மகன் அடுப்படியை விட்டு நகரவே மாட்டான். குக்கர் விசில் அடித்தால் அவனும் கூடவே அடிப்பான். மதுரையில் எங்கள் தெரு முனையில் பரோட்டா மாஸ்டர் மாவு வீசுவதைப் பார்த்துவிட்டு வந்து, ஈரக் கைக்குட்டையைத் தரையில் அறைந்து அறைந்து வீசிக்கொண்டிருப்பான். விளையாட்டுச் சமையல் சாமான் வாங்கலாமா என்ற பேச்சு அப்போதுதான் வந்தது. இப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிளாஸ்டிக் செட் பிறந்தநாள் பரிசாக வந்தது. மர அடுக்களை பெங்களூரில் அக்கா வீட்டில் இருக்கிறது. லீவுக்குப் போகும்போதெல்லாம் இவன் அதிலேயே கிடப்பான். எவர்சில்வர் சொப்பு நான் தேடிப் போய் வாங்கியது.

"ஆம்பளப் புள்ளைக்கு எதுக்குய்யா சொப்பு? ஒரு காரு வாங்கிக் குடு" என்றார் அம்மா. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று வரும். சிறுமிகள் மணலில் வீடு கட்டிச் சிறுசோறு ஆக்குவார்கள், பையன் வந்து காலால் சிதைப்பான், அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். அதற்கடுத்து அவன் கைக்கு வருபவை சிறுபறையும் சிறுதேரும். சோறாக்குவது அவன் பக்கம் வருவதே இல்லை. என் மகன் அந்த மணல் வீட்டுக்குள் உட்கார்ந்து ஆக்குகிறவனாக இருக்கட்டும் என்று எனக்கு ஆசை. அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "அப்பா சின்ன வயசுல கூட்டாஞ்சோறு ஆக்குன கதைய நீங்கதானம்மா சொன்னீங்க" என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. வாங்கலாமா என்ற கேள்வி அதோடு முடிந்தது. எதை வாங்குவது என்பதுதான் பாக்கி.

முதல் வாரம் பிளாஸ்டிக்தான் ஜெயித்தது. அடுப்பில் சிவப்பு விளக்கு, எண்ணெய் பொரியும் சத்தம், எல்லாவற்றையும்விட நிஜமாகவே தண்ணீர் வரும் குழாய். அடியில் இருக்கும் தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் பேட்டரி மோட்டார் அதையே சுற்றிச் சுற்றி மேலேற்றும். பையன் மணிக்கணக்கில் கழுவினான். ஆனால் மோட்டாருக்குள் தங்கும் தண்ணீரை முழுசாக வடிக்க வழியில்லை. மூன்றாம் வாரம் நாற்றம் வந்தது. எங்கள் ஏரியா போர் தண்ணீர் உப்பு. இரண்டு மாதத்தில் குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து மோட்டார் நின்றுபோனது. குழாய் நின்ற நாளிலிருந்து அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அக்கா வீட்டு மர அடுக்களை பார்க்க அழகு. நின்று சமைக்கலாம், கதவு திறக்கும், அலமாரி உண்டு. அதுவே ஒரு கடை மாதிரி ஆகிவிடுவதால் இரண்டு மூன்று பிள்ளைகள் சேரும்போது விளையாட்டு நீளும். தனியாகச் சொப்பு வைத்து ஆடும்போது அந்த நீளம் வருவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். இடம் ஒரு பிரச்சினை. அக்கா வைத்திருப்பது வேறு கம்பெனி. ஆனால் பலரும் கேட்கும், ஐக்கியா கம்பெனியின் டுக்டிக் என்ற விளையாட்டு அடுக்களையை எடுத்துக்கொண்டால், அகலம் 72 செ.மீ., ஆழம் 40. தரையில் மூன்று சதுர அடி போய்விடும். பிள்ளை வளர வளர அடுக்களையின் கால்களை உயர்த்திக்கொள்ளலாம் என்பது அதில் நல்ல விஷயம். பிறகு விற்கவும் மரத்துக்குத்தான் ஆள் கிடைக்கும்.

எனக்கு முடிவைச் சொன்னது தண்ணீர். இந்த வயதுப் பிள்ளைக்குச் சமையல் என்பது பாதிக்குமேல் ஊற்றுவதும் கழுவுவதும்தான். மர அடுக்களை என்று விற்பதில் பெரும்பகுதி முழு மரம் கிடையாது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை. மேல் பூச்சு தாங்கும், வெட்டிய ஓரம் தாங்காது. அங்கே ஈரம் இறங்கினால் பலகை உப்பும், காய்ந்தாலும் பழையபடி ஆகாது, திருகாணி பிடிமானம் விடும். அக்கா வீட்டில் தொட்டிப் பக்கத்து ஓரம் அப்படித்தான் ஆனது. அன்றிலிருந்து அங்கே ஒரே சட்டம்: "தண்ணி எடுத்துட்டு வராதே". பிள்ளை தேடி வந்ததே தண்ணீரைத்தான். கர்நாடகத்துச் சென்னபட்டணா ஊரின் மரச்சொப்பும் ஈரத்தில் ஊறக்கூடாது. வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு ஏற்றியது அது. துணியால் துடைக்கலாம், ஊறப்போட்டால் பளபளப்பு போய்விடும்.

எவர்சில்வர் சொப்பில் இந்தக் கவலை இல்லை. முன்பு மதுரை மீனாட்சி கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் இருந்த கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில். அங்கே குடம், இட்லிப் பானை, தோசைக்கல், கரண்டி என்று 22 உருப்படி வாங்கினேன், 650 ரூபாய். பால்கனியில் ஒரு டப் தண்ணீர், ஒரு பிடி குருணை, ஒரு பிடி துவரம்பருப்பு போதும். அவனே கழுவிக் கவிழ்த்து வைக்கிறான். உப்புக் கறை படிந்தால் புளி போட்டுத் தேய்க்கிறோம். அந்த வேலைக்கும் அவனே வருகிறான். மட்டமான சொப்பில் கைப்பிடி ஒட்டிய இடத்தில் துரு வரும். எங்களுடையதில் ஒரு வாணலி அப்படி ஆகி, தூக்கிப் போட்டோம்.

வாங்கும்போது கடையிலேயே ஒவ்வொன்றின் விளிம்பிலும் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். பஞ்சு மாட்டினால் விளிம்பு மடிக்கவில்லை, கையைக் கிழிக்கும். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர் செய்ததற்கு விலக்கு உண்டு. நான் வாங்கிய சொப்பில் முத்திரை இல்லை, அதனால்தான் இத்தனை சோதனை. மூன்று வயதுக்குக் கீழ் என்றால் அளவும் முக்கியம். தொண்டையில் அடைக்குமா என்று சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ.; அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் சின்னப் பிள்ளை கையில் இருக்கக்கூடாது. ஸ்கேல் வைத்து அளந்து, குட்டி டம்ளர், குட்டி மூடி என்று ஆறு உருப்படியை எடுத்து டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்தேன். மூன்றாம் பிறந்தநாள் கழிந்துதான் இறக்கினேன்.

ஐந்து வயதுக்கு மேல் இந்தச் சொப்பு தாங்குமா என்று சொல்ல என் மகனுக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. நிறையப் பிள்ளைகள் கூடுகிற வீடு, ஈரம் படாத ஒரு மூலை, இரண்டும் இருந்தால் மர அடுக்களைக்கே நானும் ஓட்டுப் போட்டிருப்பேன்.

அடுத்த மாதம் அக்கா வீடு மாறுகிறார். "அடுக்களைய எடுத்துக்கிறியாடா, சும்மாவே தர்றேன்" என்று போனில் கேட்டார். ஹாலில் டேப் வைத்து அளந்தேன். அது நிற்கக்கூடிய ஒரே இடம் பால்கனிக் கதவோரம், இவன் தண்ணீர் டப்புக்குப் பக்கத்தில். வித்துடுக்கா என்று சொல்லிவிட்டேன்.