செம்பூரில் டிஷ் ரிப்பேர் என்று வருபவர்களிடம் கவனம்: பெரியம்மாவிடம் 4,200 ரூபாய் பறித்துப் போனார்கள்

மும்பையில் மழைக்கு முன்னால் மொட்டைமாடியில் தகர ஷெட் போடும் கட்டடத்தில் இருக்கிறீர்களா, அல்லது அப்படி ஒரு கட்டடத்தில் உங்கள் அப்பா அம்மா தனியாக இருக்கிறார்களா? அப்படியென்றால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். ஷெட் போடும்போது டிஷ்ஷை இடம் மாற்றுவார்கள், படம் போகும், உடனே இந்த ஆட்கள் வந்துவிடுவார்கள்.

பெரியம்மா செம்பூரில் தனியாக இருக்கிறார். வீட்டில் டிடி ஃப்ரீ டிஷ்தான். மாதக் கட்டணம் கிடையாது, டிடி தமிழும் (2024 ஜனவரியில் பெயர் மாறியது, அவருக்கு இன்னும் பொதிகைதான்) மராத்திக்கு சஹ்யாத்ரியும் வருகின்றன, அவருக்கு அது போதும். மே கடைசியில் சொசைட்டி ஷெட் போட்டது. ஷெட் போட்ட ஆட்கள் டிஷ்ஷைக் கழற்றி, ஷெட்டின் இரும்பு ஆங்கிளிலேயே கம்பியால் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அன்று மாலையே படம் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பித்தது. காற்று அடித்தால் சுத்தமாகப் போய்விடும்.

லிஃப்ட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, அதிலிருந்த எண்ணுக்குப் பெரியம்மா போன் செய்திருக்கிறார். ஒருவர் வந்தார். பையும் ஸ்பேனரும் இருந்தன, சிக்னல் பார்க்கும் மீட்டர் எதுவும் இல்லை. மேலே போய்ச் சிறிது நேரம் எதையோ திருகிவிட்டுக் கீழே வந்து, "ஆன்ட்டி, எல்.என்.பி போயிடுச்சு" என்று 900 ரூபாய் (எல்.என்.பி என்பது தட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், சிக்னலை வாங்கும் சின்னக் கருவி). அதை மாற்றியும் படம் வரவில்லை, அதனால் செட்டாப் பாக்ஸும் போய்விட்டது என்று 2,200. பழைய பாக்ஸை எக்ஸ்சேஞ்ச் என்று எடுத்துக்கொண்டார். வந்துபோகும் கூலி 500. கடைசியாக "இந்த வருஷ ரீசார்ஜ்" என்று 600. இவ்வளவுக்குப் பிறகும் படம் வரவில்லை. அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: எதிரே ரீடெவலப்மென்டில் எழும்பும் டவர் சிக்னலை மறைக்கிறதாம், பெரிய டிஷ் போட வேண்டுமாம், அடுத்த வாரம் 3,500 ரூபாய் தயாராக வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பணத்துக்காகத்தான் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது, அவர் கொடுத்திருப்பார்.

தாராவியில் பல வருடமாக டிஷ் ரிப்பேர் வேலை செய்யும் நண்பரைக் கூட்டிக்கொண்டு டோம்பிவிலியிலிருந்து போனேன். அவர் மாடியில் கால் வைத்ததும் சொன்னது இதுதான்: "அண்ணே, தட்டு தப்பான திசையில நிக்குது. இதுக்கு எதுக்கு பாக்ஸை மாத்தினான்?"

நடந்தது என்னவென்றால், வந்த ஆள் பக்கத்து வீட்டு டிஷ்களைப் பார்த்து, அவை எந்தப் பக்கம் நிற்கின்றனவோ அதே பக்கம் பெரியம்மாவின் டிஷ்ஷையும் திருப்பி வைத்திருக்கிறார். அவை டாடா ப்ளே டிஷ்கள். அவை பார்க்கும் செயற்கைக்கோள்கள் கிழக்குத் தீர்க்கரேகை 83 டிகிரியில் இருக்கின்றன. ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோள் வழியாக, அது 93.5 டிகிரியில் இருக்கிறது. மும்பையிலிருந்து பார்த்தால் முதலாவது தெற்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே, இரண்டாவது கிட்டத்தட்ட சரியான தென்கிழக்கு. இரண்டு திசைக்கும் 20 டிகிரி வித்தியாசம் வருகிறது. வீட்டில் வைக்கும் 60 சென்டிமீட்டர் தட்டு இரண்டு மூன்று டிகிரி விலகினாலே சிக்னலை இழந்துவிடும். தட்டின் ஓரம் வெறும் அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு டிகிரி போய்விட்டது என்று நண்பர் காட்டினார். இருபது டிகிரி தள்ளி நிற்கும் தட்டுக்கு எந்த எல்.என்.பி போட்டாலும், எந்த பாக்ஸ் வைத்தாலும் ஒன்றும் வராது.

டவர் கதையும் பொய். அந்தக் கட்டடம் இருப்பது வடமேற்கில். செயற்கைக்கோள் தென்கிழக்கில். கட்டடம் தென்கிழக்கிலேயே இருந்திருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் மும்பையில் ஃப்ரீ டிஷ் பார்ப்பது சுமார் 57 டிகிரி உயரத்தை, அதாவது பாதி வானத்துக்கும் மேலே. 40 மீட்டர் தள்ளி நிற்கும் கட்டடம் மறைக்க வேண்டுமானால், அது நம் டிஷ்ஷைவிட 60 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும். நம் டிஷ்கள் பார்வைக்குக் கொஞ்சம் குனிந்தமாதிரி நிற்பதால் எதிர்க் கட்டடத்தைத்தான் பார்க்கின்றன என்று நம்பிவிடுகிறோம். அது ஆஃப்செட் தட்டின் அமைப்பு. தட்டு காட்டும் கோணத்தைவிட இருபதுக்கும் அதிகமான டிகிரி மேலேயிருந்துதான் சிக்னல் வருகிறது. இந்தக் குழப்பத்தை வைத்தே இவர்கள் பெரிய டிஷ் விற்கிறார்கள்.

பாக்ஸ் கெட்டுவிட்டது என்று பெரியம்மாவை எப்படி நம்பவைத்தார் என்பது இன்னும் மோசம். டிவியில் சிக்னல் பக்கத்தைத் திறந்து, ஸ்ட்ரெங்த் என்ற கோட்டைக் காட்டியிருக்கிறார். அது 85 சதவீதம் காட்டியது. "பாருங்க ஆன்ட்டி, டிஷ்ஷிலேர்ந்து சிக்னல் நல்லா வருது, பாக்ஸ்தான் எடுக்க மாட்டேங்குது." யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள். ஆனால் எல்.என்.பி-க்கு மின்சாரம் போனாலே அது தன் சொந்த இரைச்சலைக் கேபிளில் அனுப்பும், பாக்ஸ் அதையும் ஸ்ட்ரெங்த் என்றே கணக்கெடுக்கும். தட்டைச் சுவரைப் பார்த்து வைத்தாலும் அந்தக் கோடு உயர்ந்துதான் நிற்கும். பார்க்க வேண்டியது அதற்குக் கீழே இருக்கும் குவாலிட்டி. அது பூஜ்யமாக இருந்தால் டிஷ் சரியான செயற்கைக்கோளைப் பார்க்கவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பெரியம்மா வீட்டில் அது பூஜ்யம். அந்த ஆள் அந்தக் கோட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நண்பர் செய்த வேலை எளிமையானது. ஷெட் ஆங்கிளிலிருந்து டிஷ்ஷை எடுத்து, கைப்பிடிச் சுவரில் எக்ஸ்பான்ஷன் போல்ட் போட்டு, டிஷ்ஷைத் தாங்கும் குழாயை நிறுத்தினார். ரசமட்டம் வைத்துக் குழாய் நேராக நிற்கிறதா என்று எல்லாப் பக்கமும் பார்த்தார். குழாய் சாய்ந்திருந்தால் டிஷ்ஷில் அச்சிட்டிருக்கும் கோண அளவுக்கு அர்த்தமே இல்லையாம். தகர ஷெட்டில் கட்டிய டிஷ் காற்றில் ஷெட்டோடு சேர்ந்து ஆடும், முதலில் படம் உடைந்ததற்கு அதுதான் காரணம். போன் காம்பஸும் ஷெட் பக்கத்தில் தப்பாகக் காட்டியது, இரும்பிலிருந்து தள்ளி நின்று திசை பார்த்தோம். அப்புறம் கொஞ்சம் திருப்புவது, சில நொடி நிறுத்திக் காத்திருப்பது, மறுபடி கொஞ்சம் திருப்புவது. பாக்ஸ் சிக்னலைப் பிடிக்க நேரம் எடுக்கும், அவசரமாகத் திருப்பினால் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவோம். கீழே பெரியம்மா டிவி முன் உட்கார்ந்து போனில் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார். பூஜ்யம், பூஜ்யம், திடீரென்று "நாப்பது வந்துடுச்சுடா!" என்று கத்தினார். எல்.என்.பி-யை அதன் பிடிக்குள் லேசாகத் திருகியதும் எழுபதைத் தாண்டியது.

கேபிளையும் பார்த்தோம். நீளம் போதவில்லை என்று அதை வெட்டி, கம்பிகளை முறுக்கி டேப் சுற்றி ஒட்டுப் போட்டிருந்தார்கள், அதுவும் மழைத் தண்ணீர் விழும் இடத்தில். முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கி மறுபடி அதே ஆளைக் கூப்பிட வேண்டி வந்திருக்கும். டிஷ்ஷுக்குப் போடும் ஆர்.ஜி-6 கேபிளை ஒட்டில்லாமல் ஒரே துண்டாகப் புதிதாக இழுத்து, இரு முனையிலும் அதற்கான திருகு முனை (எஃப் கனெக்டர்) போட்டோம். எல்.என்.பி-க்குள் நுழைவதற்கு முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டுக் கட்டினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

அந்த ஸ்டிக்கர் ஆள் விற்ற "புது" எல்.என்.பி-யின் பிளாஸ்டிக் வெயிலில் வெளுத்திருந்தது, கழுத்தில் பழைய பிடியின் தழும்பு இருந்தது. வேறு யாரோ வீட்டிலிருந்து கழற்றியது. பெரியம்மாவின் நல்ல எல்.என்.பி-யும் இப்படித்தான் எங்கோ புதிதாக விற்கப்பட்டிருக்கும். அந்த பாக்ஸை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் லாமிங்டன் ரோட்டில் விசாரித்தால், அந்த ஆள் வாங்கிய பணத்தில் பாதிகூட இல்லை. ரீசார்ஜ் 600 ரூபாய் முழுக்க முழுக்கத் திருட்டு. ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தாவும் இல்லை, வருடச் சந்தாவும் இல்லை, யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கனமழை கொட்டும்போது படம் போவது பழுதே இல்லை. டிஷ்ஷுக்கு வரும் இந்த அலைகளை மழை உறிஞ்சும், மழை குறைந்ததும் தானாக வரும். அந்த நேரம் பதறி யாரையாவது கூப்பிட்டால், அவர் வந்து சேர்வதற்குள் மழை விட்டிருக்கும், எதையோ தொட்டுவிட்டுச் சரிசெய்ததாகப் பணம் வாங்குவார். மார்ச் நடுவிலும், செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் சில நாள் காலை பதினொரு மணியை ஒட்டிச் சில நிமிடம் படம் போனாலும் பயப்படாதீர்கள், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் நேரம் அது.

டிஷ்ஷை நகர்த்தும் முன் நன்றாக ஓடிய டிவி, நகர்த்திய பின் ஓடவில்லை என்றால் திசை, குழாய், கேபிள் இந்த மூன்றையும் பார்க்காமல் ஒரு சாமானும் வாங்காதீர்கள். வருபவரிடம் குவாலிட்டி கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானை வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள், அதை எடுத்துப் போனால் பிறகு நிரூபிக்க நம்மிடம் எதுவும் இருக்காது. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். எங்களிடம் பில் இல்லை. அந்த ஆள் என் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார், பிறகு எடுக்கவே இல்லை. பணம் அனுப்பிய யுபிஐ விவரத்தை மட்டும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன்.

சொசைட்டி செக்ரட்டரியிடம் சொல்லி எங்கள் லிஃப்ட்டிலிருந்த ஸ்டிக்கரைக் கிழித்தாயிற்று. மஞ்சள் நிறம், சிவப்பு எழுத்தில் எல்லா டிஷ்ஷும் ரிப்பேர் செய்யப்படும் என்று இந்தியில் இருக்கும், கடையின் பெயரோ முகவரியோ இருக்காது, வெறும் மொபைல் எண். அதே ஸ்டிக்கரைப் பக்கத்துத் தெருக் கட்டடங்களின் மீட்டர் அறைகளிலும் பார்த்தேன். செம்பூர், கோவண்டி பக்கம் இருப்பவர்கள் உங்கள் லிஃப்ட்டையும் மீட்டர் அறையையும் இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.