வீடு மாறுகிறீர்களா? துணி, பேப்பர், வைக்கோல்: எதற்குள் எதை வைப்பது

வன்னியில் வீடு மாறும்போது பீங்கானுக்கு வரும் சோதனை ஏ9 பெருவீதியில் இல்லை. அதில் ஏறுவதற்கு முன் வரும் கிறவல் ஒழுங்கையில்தான் இருக்கிறது. லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) இழுக்கும் பெட்டிக்கு ஸ்பிறிங் கிடையாது, ஒவ்வொரு குழியும் நேரே சாமானில் இடிக்கும். அதனால் எதைக் கொண்டு சுற்றினாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அரை மணித்தியாலம் குலுங்கிய பிறகும் அது வைத்த இடத்தில் நிற்குமா?

துவாய், சாரம், பெட்சீற் மூன்றும் எப்படியும் ஏற்ற வேண்டியவை. அவற்றாலேயே சுற்றினால் தனியாக இடம் போகாது. துணி அமுங்கினாலும் ஓரளவு மீண்டும் எழும். பேப்பர் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். ஒரு சாரத்தை இரண்டாக மடித்து விரித்து, ஓரத்தில் ஒரு பீங்கான் கோப்பையை (சாப்பாட்டுத் தட்டை) வைத்து ஒரு சுற்று, அடுத்ததை வைத்து மறு சுற்று என்று உருட்டினால் நாலு கோப்பை அடங்கும். பெட்டிக்குள் அவற்றை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். படுக்க வைத்து அடுக்கினால் மேலே உள்ள பாரம் முழுவதையும் அடிக்கோப்பைதான் தாங்க வேண்டும்.

துணியின் குறை ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் அரைகுறையாய்க் காய்ந்த துவாயால் சுற்றி இரண்டு மூன்று நாள் விட்டால், கரும்புள்ளி விழுந்து துவாயே பழுதாகிவிடும்.

பழைய பேப்பர் வெல்லும் இடம் வேறு: கப், யக், போத்தல்களின் உட்குழிவு, பெட்டியின் அடி, மூலைகள். கசக்கி உருண்டையாக்கித்தான் அடைய வேண்டும். மட்டமாகச் சுற்றிய தாளுக்குள் காற்றில்லை, அது இடியைத் தாங்காது. அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கசக்கிய பேப்பர் போதும். அச்சு மை வெள்ளைப் பீங்கானில் ஒட்டும் என்பதால், தொடும் படைக்குத் துணி, இடைவெளிக்குப் பேப்பர் என்று பிரித்துக்கொள்வதே எங்கள் தெரிவு. மூடிய பின் பெட்டியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இன்னும் அடைய வேண்டும்.

காலபோக அறுவடை முடிந்தால் வைக்கோல் தாராளமாகக் கிடைக்கும், மண்பானைக்கும் சட்டிக்கும் நல்லது. மெசினில் அறுத்த துண்டு வைக்கோல் குலுக்கலில் கீழே இறங்கிவிடும், நீள வைக்கோலைத் தேடுங்கள். வைக்கோலில் உள்ள சிலிக்கா கீறும் என்பதால் ரீவித் திரைக்கும் பொலிஷ் செய்த தளபாடத்துக்கும் கிட்டவே வேண்டாம். உமி வேண்டவே வேண்டாம்: குலுங்கக் குலுங்கப் பாரமான பொருள் உமிக்குள் புதைந்து அடியைத் தொட்டுவிடும்.

எதற்குள் வைப்பது? கண்ணாடிக்கு முதலிடம் சருவத்துக்கும் அண்டாவுக்கும். எந்தக் காட்போட் பெட்டியையும் விட அவற்றின் சுவர் உறுதி. பனையோலைக் கடகம் இலேசானது, ஆனால் பக்கம் வளைந்து கொடுக்கும், அதனால் எல்லாவற்றுக்கும் மேலேதான் ஏற்ற வேண்டும். உரப்பை உடுப்புக்கும் செருப்புக்கும் சரி. யூரியாத் தூள் ஈரத்தை இழுக்கும், உட்புறத்தை வெளியே திருப்பிக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே பாவியுங்கள். அரிசி, தலையணை, பிள்ளைகளின் உடுப்பு அதற்குள் கூடாது. பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி வந்த பெட்டியோ பையோ எதற்குமே வேண்டாம்.

கடையில் கேட்டு வாங்கும் காட்போட் பெட்டியில் 15 கிலோவுக்கு மேல் போடாதீர்கள், அடி விரியும். சவர்க்காரம் வந்த பெட்டியில் தேயிலை, மா வைத்தால் மணம் ஏறிவிடும். புது வீட்டில் இறக்கியதும் மண் தரையில் விடாமல் கல்லோ பலகையோ வைத்து அதன்மேல் அடுக்குங்கள். கறையானுக்குக் காட்போட் நல்ல தீனி.

கட்டுவதற்கு நைலோன் கயிறா, பழைய சைக்கிள் ரியூப்பா? பாரம் அமர்ந்து இறங்கும்போது கயிறு தளரும். ரியூப்பை இரண்டு விரல் அகல நாடாவாக வெட்டி இழுத்துக் கட்டினால் அது சுருங்கிப் பிடியை விடாது. ஆனால் அலுமாரியில் கறுப்புத் தடம் விழும், இடையில் சாக்கொன்றைக் கொடுங்கள்.

ரீவிக்குத் தலையணையை நம்பாதீர்கள், அது நழுவும். முதலில் பெட்சீற், பிறகு இரண்டு மெத்தைக்கு நடுவே நிமிர்த்தி நிறுத்தி, ரியூப்பை மெத்தைக்கு வெளியால் சுற்றிக் கட்டுங்கள். திரையை அழுத்தும் அளவுக்கு இறுக்கக் கூடாது. தறப்பாளை எல்லாவற்றுக்கும் மேலால், ஏற்றி முடிந்ததும் உடனே கட்டிவிடுங்கள். மழை இல்லாத மாதத்தில் அது கிறவல் புழுதிக்கு.