சாம்பியன்ஸ் லீக் நாக் அவுட்: தூக்கம் கெட்டதற்கு ஈடானதா?

ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2024-25 சீசன் முழுவதற்கும் சந்தா கட்டினேன், ஆனால் உட்கார்ந்து பார்த்தது பிப்ரவரியில் தொடங்கிய, தோற்றால் வெளியே போகிற நாக் அவுட் மட்டும்தான், அதனால் இதுவும் அதைப் பற்றி மட்டும். 36 அணிகள் ஆளுக்கு எட்டு மேட்ச் ஆடி கடைசியில் 12 பேரை மட்டும் வீட்டுக்கு அனுப்புகிற அந்த லீக் கட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வரும், விடுங்கள்.

பிளே-ஆஃப் சுற்று தேவையே இல்லை. 9 முதல் 24-ஆம் இடம் வரை வந்தவர்களுக்கு இன்னொரு வாய்ப்பாம். பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் தன் நாட்டு அணியான பிரெஸ்ட்டையே 3-0, 7-0 என்று துவைத்து எடுத்தது, இதற்கெல்லாம் அலாரம் வைக்க வேண்டுமா, காலையில் ஹைலைட்ஸ் பார்த்தால் போதும். ரியல் மாட்ரிட் - மான்செஸ்டர் சிட்டி மட்டும் நல்ல மேட்ச், ஆனால் அது சிட்டி 22-ஆம் இடத்துக்குச் சறுக்கியதால் கிடைத்த இனாம்.

சரக்கு மார்ச்சில்தான் வருகிறது. ஒரே மேட்சில் முடிக்காமல் இரண்டு லெக் (ஆளுக்கு ஒரு முறை சொந்த ஊரில் ஆடி, இரண்டு மேட்ச் கோலையும் கூட்டிப் பார்ப்பது) வைப்பதுதான் இதன் உயிர் என்று எனக்கு லிவர்பூல் - பாரிஸ் பார்த்த பிறகுதான் முழுசாகப் புரிந்தது. பாரிஸில் நடந்த முதல் லெக்கில் லிவர்பூல் மூச்சுவிடக்கூட முடியவில்லை, அதன் கோல்கீப்பர் அலிசன் ஒன்பது ஷாட்டைத் தடுத்தார், அப்புறம் லிவர்பூலுக்கு மாற்று ஆட்டக்காரராக வந்த ஹார்வி எலியட் 87-ஆவது நிமிடம் ஒரு கோல் போட்டுவிட்டுப் போய்விட்டார். 1-0. அநியாயம். ஆனால் ஆறு நாள் கழித்து ஆன்ஃபீல்டில் பாரிஸின் டெம்பெலே 12-ஆவது நிமிடமே கணக்கைச் சரிசெய்ய, பெனால்டி வரைக்கும் இழுத்து, பாரிஸ் கோல்கீப்பர் டோனாரும்மா இரண்டைத் தடுத்து 4-1 என்று முடித்தார். லீக் கட்டத்தில் முதல் இடம் பிடித்த அணி 15-ஆம் இடத்துக்காரனிடம் வெளியே போனது.

ஆனால் இந்த சீசனில் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இன்டர் - பார்சிலோனா அரையிறுதியைப் பாருங்கள். முதல் லெக் 3-3. இரண்டாவது லெக் இன்டரின் ஊரான மிலானில், பார்சிலோனா 0-2 பின்தங்கி, எழுந்து வந்து, 87-ஆவது நிமிடம் ரஃபின்யா அடித்து 3-2 ஆக்கியபோது டிவியை அணைக்கக் கையே நீட்டிவிட்டேன். 93-ஆவது நிமிடம் இன்டரின் 37 வயது டிஃபெண்டர் அச்செர்பி எதிரணி பாக்ஸுக்குள் ஸ்ட்ரைக்கர் மாதிரி வந்து நின்று கோல் அடிக்கிறார்! கூடுதல் நேரத்தில் இன்டரின் ஃப்ராட்டேசி இன்னொன்று. 4-3, மொத்தம் 7-6. மொத்தம் சமமானால் வெளியூரில் அதிக கோல் போட்டவருக்கே வெற்றி என்ற வெளியூர் கோல் விதியை 2021-இல் எடுத்தது இங்கேதான் வேலை செய்தது: பழைய விதி இருந்திருந்தால் பார்சிலோனா இன்னும் ஒன்று போட்டு 4-4 ஆக்கினாலே ஃபைனல், இப்போது அது பெனால்டிக்கு மட்டும்தான் கொண்டுபோயிருக்கும்.

என் வயிற்றெரிச்சல் ஆப் மேல்தான், பெயர் வேண்டாம். லைவ் என்று போட்டிருக்கும், ஆனால் முக்கால் நிமிடம் பின்னால் ஓடும். அச்செர்பி கோலுக்கு முன்பே நண்பன் "டேய்ய்ய்ய்" என்று மெசேஜ் போட்டுவிட்டான். யார் அடித்தது என்று சொல்லவில்லை, அந்த அளவில் நல்லவன்.

நடுவர் விஷயத்தில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அட்லெடிகோ - ரியல் ஷூட்அவுட்டில் அட்லெடிகோவின் ஹூலியன் ஆல்வாரெஸ் சறுக்கி, ஊன்றிய காலும் பந்தைத் தொட்டுவிட்டது என்று உள்ளே போன பெனால்டியை ரத்து செய்தார்கள். விதிப்படி சரிதான். ஆனால் ஜூன் மாதமே, தெரியாமல் இரண்டு முறை பட்டு கோல் ஆனால் மறுபடி அடிக்கலாம் என்று விளக்கம் வந்தது. அட்லெடிகோகாரனிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, அரையிறுதியில் இரண்டாவது லெக் யார் மைதானத்தில் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். லீக் கட்டத்தில் இரண்டாவதாக வந்த பார்சிலோனா மிலானுக்கும், மூன்றாவதாக வந்த ஆர்சனல் பாரிஸுக்கும் போக வேண்டியதாயிற்று, இரண்டு பேரும் அங்கேயே விழுந்தார்கள். 2025-26 முதல் மேலே முடித்தவர்களுக்கே சொந்த ஊரில் இரண்டாவது லெக் என்று மாற்றிவிட்டார்கள்.

மியூனிக்கில் நடந்த பாரிஸ் - இன்டர் ஃபைனல்? 5-0, கோப்பை ஃபைனல் வரலாற்றிலேயே பெரிய வித்தியாசம். பாரிஸின் டூவே இரண்டு போட்டார், பாரிஸ் அழகாக ஆடியது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மூன்றாவது கோலுக்கு அப்புறம் சோபாவிலேயே தூங்கிவிட்டேன்.

நம் நேரப்படி மார்ச் வரைக்கும் இரவு ஒன்றரை மணி. மார்ச் கடைசியில் ஐரோப்பாவில் கடிகாரத்தை முன்னால் தள்ளுவதால் காலிறுதியிலிருந்து பன்னிரண்டரைக்கே தொடங்கிவிடும், அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிய வரம் என்பது மறுநாள் ஆபீஸ் போகிறவனுக்குத்தான் தெரியும். அடுத்த முறை முழு சீசன் எல்லாம் இல்லை, மார்ச்சில் மாதச் சந்தாதான். போன் பக்கத்து அறையில் சார்ஜில் கிடக்கும்.