இன்றைய தேதியோடு மாதம் கூட்ட: எக்செல்லா, ஜாவாஸ்கிரிப்டா?

இன்று 15ஆம் தேதி என்றால் இரண்டுமே ஒரே விடைதான் தரும். சிக்கல் வருவது மாதக் கடைசியில். 2025 ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டிப் பாருங்கள். எக்செல்லில் மாதம் கூட்டும் சூத்திரமான ஈடேட் (EDATE) பிப்ரவரி 28 என்று சொல்லும். அந்த மாதத்தில் 31 இல்லை, சரி, இருக்கும் கடைசி நாளோடு நின்றுகொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் மாதத்தை மாற்றும் கட்டளையான செட்மன்த் (setMonth) அப்படி நிற்பதில்லை. "பிப்ரவரி 31" என்று எடுத்துக்கொண்டு, மிஞ்சிய 3 நாட்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளி மார்ச் 3 என்கிறது. பிப்ரவரியே காணாமல் போய்விடுகிறது. தவணை, சந்தா, ஒப்பந்தம் எதற்கும் இது ஆபத்து.

என் ஓட்டு ஈடேட்டுக்குத்தான். ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. வந்த விடையான பிப்ரவரி 28உடன் மறுபடி ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28 வரும். ஜனவரி 31உடன் நேராக 2 மாதம் கூட்டினால் மார்ச் 31. அதனால் எப்போதும் தொடக்கத் தேதியிலிருந்தே கூட்டுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில்தான் எழுதியாக வேண்டுமா? கூட்டிய பிறகு நாளின் எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால், நாளை மாற்றும் கட்டளையான செட்டேட்டுக்கு (setDate) 0 கொடுங்கள். முந்தைய மாதத்தின் கடைசி நாளுக்குத் திரும்பிவிடும்.